கம்பியூட்டரில் செத்துப்போன கடை

ரொஷான்,

இதை எழுதுவது நான்தான், உன் அப்பா. யாரையும் பிடித்து உட்கார வைத்துச் சொல்லி எழுதுவிக்கவில்லை. எழுத்தெல்லாம் சின்னப் பிள்ளை எழுதியதுபோலப் பெரிது பெரிதாக இருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. ஒரு கோடு விட்டு ஒரு கோட்டில் எழுதுகிறேன். அப்படியும் மேலே இருக்கிற எழுத்தின் கால் கீழே இருக்கிற எழுத்தின் தலையில் இடிக்கிறது. கண்டிக் கடைத்தெருவில் லொறி லொறியாக மூட்டை இறக்கியவனுக்கு ஒரு பேனை இவ்வளவு பாரமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஒரு வரி எழுதிவிட்டு விரலை உதறுகிறேன். உன் அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னாங்க, அந்த அமுக்கு அமுக்குறீங்க, தாளுக்கு வலிக்காதா?" என்கிறாள். வலிக்கட்டும். நான் நினைத்தது தாளில் நிற்கிறது, மகனே. காலையில் எழும்பி வந்து பார்த்தாலும் அங்கேயே நிற்கிறது. இந்த வயதில் எனக்கு இப்படியொரு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவனைக் குடிகாரன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

எப்படிப் படித்தேன் என்று உனக்கு இன்னும் சொல்லவில்லை. முழங்கால் போய் வேலையை விட்டபிறகு பகலில் இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் இருக்கிற ஆம்பிளை நான் ஒருவன்தான். பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிற பெண், குழந்தைகள் தூங்குகிற நேரத்தில் வயதானவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஒருநாள் தயங்கித் தயங்கிப் போனேன். போனால், மலையில் வேலையை விட்ட பொம்பிளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். "அடியே, மாப்பிள வந்தாச்சு, பாய விரிங்கடி!" என்றாள் ஒருத்தி. "மாப்பிளைக்கு முட்டி மடங்காதாம், கதிரை போடு" என்றாள் இன்னொருத்தி. அங்கே இருந்தது பிள்ளைகள் உட்காருகிற குட்டிக் கதிரைதான். அதில்தான் உட்கார்ந்தேன். அவர்கள் சிரித்த சிரிப்பில் தொட்டில் பிள்ளைகள் எல்லாம் எழும்பிவிட்டன. அந்தப் பெண் ஆளுக்கொரு பிள்ளையை எங்கள் மடியில் போட்டு, "எழுப்புனது நீங்கதானே, ஆட்டிக்கிட்டே எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள். நான் ஆனா எழுதியது அப்படித்தான், யாரோ ஒரு பிள்ளையைத் தொடையில் ஆட்டிக்கொண்டு.

நானாக முதலில் வாசித்தது எதை என்று சொல்லட்டுமா? பவளம் கடையின் பெயர்ப் பலகையை. லயத்து முனையில் இருக்கிற அவள் கடைக்கு முன்னால் போகாமல் நீயும் வளரவில்லை, நானும் கிழவனாகவில்லை. உன்னுடைய கம்பனி இலவசமாக அடித்துக் கொடுத்த பலகை அது. ஒரு ஓரத்தில் அவர்களுடைய குளிக்கிற சவர்க்காரத்தின் படம், மற்ற ஓரத்தில் பால்மாப் பெட்டியின் படம், நடுவில் எழுத்து. அன்றைக்கு நெருப்புப் பெட்டி வாங்கப் போனவன் நிமிர்ந்து பார்த்தேன். ப, வ, ள, ம். காலும் இல்லை, கொம்பும் இல்லை, எல்லாம் எனக்குத் தெரிந்த எழுத்து. வாயில் கூட்டிப் பார்த்தேன், அவள் பெயர் வந்தது. மழைத்தூறலில் அப்படியே நின்றுவிட்டேன். "என்ன அண்ணே, அப்புடிப் பாக்குறீங்க, கடைய வாங்கப் போறீங்களா?" என்றாள் உள்ளேயிருந்து. "இது ஒன் பேரா தாயி?" என்றேன். "இம்புட்டு வருசமா பாக்குறீங்க, இன்னைக்குத்தான் கண்ணு தெரிஞ்சிச்சா?" என்று சொன்னவள், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். "இன்னொருக்கா வாசிங்க அண்ணே" என்றாள். வாசித்தேன். நெருப்புப் பெட்டிக்கு அன்றைக்குக் காசு வாங்கவில்லை.

கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கம்பனியில், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வேலை பழகுகிற மகனுக்கு இப்படிச் சந்தோஷமாகவே எழுதிக்கொண்டு போகலாம். போக முடியவில்லை. அந்தப் பலகை இப்போது அங்கே இல்லை. அதைப் பற்றிச் சொல்லத்தான் பேனையை எடுத்தேன். எனக்கு உன்மேல் கோபம். உன்மேல் மட்டுமில்லை, ஆனால் மற்றவர்களுக்கு எழுதினால் யார் வாசிக்கப் போகிறார்கள்?

நீ கடைசியாக வந்து நின்ற அந்தச் சனி, ஞாயிறை நினைத்துப் பார். டேட்டா அனலிஸ்ட் பயிலுநர் என்றால் என்ன வேலை என்று கேட்டேன். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, சுளகில் கிடந்த பயற்றை எடுத்து வைத்து விளக்கினாய். நாடு முழுக்க உள்ள கடைகளில் கம்பனிச் சாமான் எவ்வளவு போகிறது என்ற கணக்கு எல்லாம் கம்பியூட்டருக்கு வருகிறது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு வரி. விற்பனை ஏறினால் பச்சை, விழுந்தால் சிவப்பு. ஏன் ஏறியது, ஏன் விழுந்தது என்று கண்டுபிடித்துப் பெரியவர்களுக்குச் சொல்வது உங்கள் வேலை. நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். உன் அம்மா, "அப்ப நீ கடைகளுக்கு நாடி புடிக்கிற வைத்தியரு" என்றாள். நீ சிரித்தாய். அதன் பிறகுதான் அந்தக் கதையைச் சொன்னாய்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒவ்வொரு பகுதியைப் பிரித்துக் கொடுத்தபோது உனக்குக் கண்டியும் சுற்றியுள்ள மலையும் வந்தது. திறந்து பார்த்தால் தோட்டத்துக் கடைகள் எல்லாம் சிவப்பு. நம் ஹந்தானைத் தோட்டத்தில் பவளம் கடை சைபர். மாதக்கணக்காகச் சைபர். கீழே டவுனில் பெரிய கடை முதலாளியின் வரி மட்டும் பச்சைப் பசேல் என்று ஏறிக்கொண்டு போகிறது. காரணம் உனக்குத் தெரியும். டவுனில் குண்டு வெடித்த பிறகு தோட்டத்து ரோட்டின் அடிவாரத்தில் செக் பொயின்ட் போட்டார்கள். கம்பனி வேனை நிறுத்தி ஒவ்வொரு பெட்டியாக இறக்கி உடைத்துப் பார்த்தார்கள். வேன்காரன் எத்தனை முறைதான் பொறுப்பான்? மலைக்கு வருவதையே நிறுத்திவிட்டு, முழுச் சாமானையும் டவுன் முதலாளியிடம் இறக்கி அவர் பெயரிலேயே பில் போட்டான். பவளம் கீழே போய் அவரிடம் வாங்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். கடை நடந்துகொண்டுதான் இருந்தது. கம்பியூட்டரில்தான் நின்றுபோயிருந்தது.

உங்கள் மேலதிகாரி எல்லோரையும் கூட்டி வைத்து, "இந்தக் கடைகளுக்கு என்ன நடந்தது? யாராவது அந்தப் பக்கம் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டாராம். நீ அடுத்தவன் முகத்தைப் பார்த்தாயாம். போயிருக்கிறேன் என்று சொன்னால் ஏன் போனாய் என்று வரும். அங்கேதான் என் வீடு என்று வரும். லயத்துப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை என்று வரும். வேலைக்கு ஆள் எடுத்த அறையில் இருக்கிற ஃபைலுக்கு அது தெரியும். உன்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாது. அதனால் நீ பேசவில்லை. பிறகு உன் அறிக்கையில், இந்தக் கடைகளில் வியாபாரம் செத்துவிட்டது, வெட்டிவிடலாம் என்று எழுதிக் கொடுத்தாய். மேலதிகாரி உன் தோளில் தட்டினார். டவுன் முதலாளிக்குத் திறமையான வியாபாரி என்று சிங்கப்பூருக்கு டிக்கெட் கொடுத்தார்கள். "அப்பா, அந்த மனுசன் கடைய விட்டு வெளிய எறங்குனதே இல்ல, சிங்கப்பூர் போறாரு!" என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். அவருடைய வயிற்றை விமானத்தில் எப்படித் திணிப்பார்கள் என்று கேட்டேன். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை, சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சைபர் என்றால் என்ன, வெட்டு என்றால் என்ன என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பவளம் கடையை எப்படி வெட்ட முடியும்? அது அங்கேதானே இருக்கிறது?

நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை. எங்கே பழகினாய் என்று எனக்குத் தெரியும். நீ பிறக்கும் முன்னால், தமிழர்களைத் தேடித் தேடி வெட்டிய பெரிய கலவரத்தின்போது, நான் சிங்கள டிரைவர் பண்டாவின் லொறியில் கொழும்பிலிருந்து வெங்காயம் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். வழியெல்லாம் புகை. பேராதனை வருவதற்கு முன்னால் பண்டா லொறியை ஓரம் கட்டி, சீட்டுக்கு அடியில் இருந்த சாராயப் போத்தலை எடுத்து என் சட்டை முழுக்க ஊற்றினான். "மேல ஏறிப் படு. என்ன நடந்தாலும் கண்ணத் தொறக்காத" என்றான். பாலத்துக்குப் பக்கத்தில் மறித்தார்கள். மேலே யார் என்று கேட்டார்கள். "நம்ம பொடியன், குடிச்சிட்டுக் கிடக்கிறான்" என்று பண்டா சிங்களத்தில் சொன்னான். ஒருவன் ஏறி வந்து என் உள்ளங்காலைத் தடியால் சுரண்டினான். நான் குறட்டை விட்டேன். அவன் சிரித்தான். கீழே நின்றவர்களும் சிரித்தார்கள். லொறி நகர்ந்தது. அந்தச் சாராய நாற்றத்தோடு வீட்டுக்கு வந்தால், உன் அம்மா விறகுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு, "ஊரே எரியுது, ஒனக்குக் குடி கேக்குதா?" என்று என்னை அடிக்க வந்தாள். அப்போது அவள் என்னை வா, போ என்று பேசினாள். அதுதான் முதலும் கடைசியும்.

அதனால்தான் உனக்கு ரொஷான் என்று பெயர் வைத்தோம், இரண்டு பக்கமும் பொருந்தட்டும் என்று. அதனால்தான் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்ததும் டவுனில் சிங்களப் பள்ளிக்கூடத்தில் போட்டோம். பஸ்ஸை மறித்தால் தூங்கு என்று உனக்கு நடை பழகும்போதே பழக்கினேன். என் விரல் உன் முழங்காலை அழுத்தினால் நீ அந்த நிமிஷமே தூங்கிவிடுவாய். தலை சாயும், வாய் கொஞ்சம் திறக்கும், எச்சில்கூட வடியும். உனக்கு ஏழு வயதிருக்கும்போது கண்டி பஸ்ஸில் ஏறிய ஆமிக்காரப் பையன் ஒருவன் உன் பக்கத்தில் வந்து நின்றான். கெட்டவனாகத் தெரியவில்லை. ஊரில் அவனுக்கும் ஒரு தம்பி இருந்திருக்கலாம். பையிலிருந்து ஒரு டொபி எடுத்து உன் உள்ளங்கையில் வைத்தான். நீ கண்ணைத் திறக்கவில்லை. கையையும் மூடவில்லை. தூங்குகிறவன் கை மூடாது என்று அந்த வயதில் உனக்குத் தெரிந்திருந்தது. விரித்த கையில் டொபி அப்படியே இருந்தது, பஸ் குலுங்கக் குலுங்க. அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு இறங்கிப் போனான். பஸ் புறப்பட்டு ரெண்டு வளைவு தாண்டிய பிறகு, "போதும் தம்பி, எந்திரி" என்றேன். நீ எழும்பவில்லை. வீட்டு வாசல் வரைக்கும் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தேன். டொபி எங்கே விழுந்ததோ தெரியாது. அன்றைக்கு நான் லயம் முழுக்க அந்தக் கதையைச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அது தப்பு என்று எழுதச் சொன்னால் நான் எழுத மாட்டேன். அந்தத் தூக்கம்தான் என்னைப் பேராதனைப் பாலம் தாண்ட வைத்தது. அதனால்தான் நீ பிறந்தாய். அதைப் பழக்கியிருக்காவிட்டால் நீ இந்த வயதுக்கு வந்திருப்பாயா என்பதும் எனக்குத் தெரியாது. இப்படி ஒரு வித்தையைச் சோறோடு சேர்த்துப் பிள்ளைக்கு ஊட்ட வைத்த நாட்டை வேண்டுமானால் திட்டுகிறேன், இன்னும் நாலு தாள் வாங்கிக் கொடு. ஆனால் மகனே, நானும் நீயும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தபோது நம்மைத்தான் காப்பாற்றினோம். வேறொருவரை யாரும் நமக்குப் பதிலாகக் கீழே இறக்கவில்லை. இந்த முறை பவளத்தை இறக்கிவிட்டார்கள்.

நீ போன பிறகு ஒரு வியாழக்கிழமை ரெண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். கம்பனிச் சட்டை போட்டிருந்தார்கள். நான் அப்போது பவளம் கடை வாசலில் சாக்கின்மேல் உட்கார்ந்து, பழைய பேப்பரைக் கூட்டிக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தேன். ஒருவன் ஏணியைச் சாத்தி மேலே ஏறிப் பலகையின் ஆணிகளைக் கழற்றத் தொடங்கினான். புதுப் பலகை போடப் போகிறார்கள் என்று நினைத்துப் பவளம் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். குடித்துவிட்டுப் பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். "எங்கே கொண்டு போறீங்க?" என்று சிங்களத்தில் கேட்டேன். "ஐயா, கம்பியூட்டரில் இந்தக் கடை செத்துப்போச்சு. செத்த கடைக்குப் பலகை இல்லை. நாங்க என்ன செய்ய?" என்றான். பாவம், தேத்தண்ணி குடித்த வாய், முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சமாக இருந்தது அவனுக்கு. நான் பவளத்துக்குத் தமிழில் சொன்னேன். அவள் கல்லாவுக்குப் பின்னால் இருந்து என்னையே பார்த்தாள். பின்னால் அலுமாரி நிறைய சாமான். பாண் ரொட்டி வாங்க ரெண்டு பிள்ளைகள் வேறு நிற்கிறார்கள். "செத்திருந்தா எனக்குல்ல அண்ணே மொதல்ல தெரிஞ்சிருக்கும்?" என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சைபர், வெட்டு, தோளில் தட்டு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பலகையோடு அவளுடைய வியாபாரி அட்டையும் போய்விட்டது. அதன் அருமை உனக்குத் தெரியுமோ என்னவோ. கம்பனி பெயர் போட்ட அந்த அட்டையைக் காட்டித்தான் அவள் இத்தனை நாளும் செக் பொயின்டில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்தாள். இது கடைச் சாமான் என்பதற்கு அதுதான் சாட்சி. இப்போது பெட்டி பெட்டியாக மேலே கொண்டுபோனால் யாருக்குக் கொண்டுபோகிறாய், காட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். அதனால் அவள் கொண்டுவருவதில்லை. அலுமாரித் தட்டுகளில் வெறும் காகிதம்தான் விரித்திருக்கிறது. லயத்துப் பொம்பிளைகள் மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு டவுனுக்கு நடந்து போய்ச் சாமான் வாங்கி வருகிறார்கள். உன் அம்மாவும் போனாள். என் தேத்தண்ணிக்குப் பால்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தவளைச் செக் பொயின்டில் நிறுத்தி, பாக்கெட்டை வாங்கி, உள்ளே என்ன என்று கத்தியால் குத்திப் பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்கு வரும்போது சேலையெல்லாம் வெள்ளை. "சாமிக்குப் பாலாபிஷேகம் பண்ணுவாங்க, எனக்குப் பால்மா அபிஷேகம் பண்ணிட்டானுக" என்று சொல்லிவிட்டு, பாக்கெட்டில் மிஞ்சியதைப் போத்தலில் தட்டினாள். பிறகு வெளியே போய்ச் சேலையை உதறினாள், வெகுநேரம் உதறினாள். அந்தப் பாக்கெட்டில் உன் கம்பனியின் பெயரை நான் வாசித்தேன். இப்போது நன்றாக வாசிக்கிறேன், தடையில்லாமல்.

இதெல்லாம் உனக்குத் தெரியாது என்று சொல்லாதே. கம்பியூட்டரில் இதுவும் தெரியும், எந்தக் கலரில் என்றுதான் எனக்குத் தெரியாது. எங்கள் பொம்பிளைகள் டவுனில் வாங்குகிற பால்மாவும் அந்த முதலாளியின் வரியில்தானே ஏறுகிறது? இன்னும் பச்சையாகியிருக்கும். அடுத்த முறை அவரை இலண்டனுக்கு அனுப்புவார்கள்.

போன வாரம் நீ பவளம் கடைக்குப் போன் எடுத்தாய். அவள் லயம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள், நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ரிசீவரைக் காதில் வைத்தால் நீ சிங்களத்தில் பேசினாய். அறையில் கூட இருக்கிற பொடியன்கள் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று விளங்கியது. சரி என்று நானும் சிங்களத்திலேயே சாப்பாடு எப்படி, மழை எப்படி என்று கேட்டேன். நம் இரண்டு பேருக்கும் நன்றாகத்தான் வருகிறது. உன் அறிக்கை மேலே உள்ளவர்களுக்குப் பிடித்துவிட்டது என்றாய். அதே முறையில் மலைநாட்டுத் தோட்டக் கடைகள் எல்லாவற்றையும் பார்த்து, எதை வைப்பது, எதை வெட்டுவது என்று தீபாவளி கழிந்த அடுத்த திங்கட்கிழமை பெரியவர்கள் முன்னால் நீதான் பேச வேண்டும் என்றாய். நன்றாகச் செய்தால் வேலை நிரந்தரம். உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். பக்கத்தில் பவளம் நின்றாள். அவளுக்குச் சிங்களம் அரைகுறை. "யாரு அண்ணே, ஒங்க பழைய மொதலாளியா? தம்பி பேசுற மாதிரி இருந்திச்சு" என்றாள். "மொதலாளிதான் தாயி" என்றேன். என் மகனை என் மகன் இல்லை என்று என் வாயாலேயே சொன்னேன். அப்போது அவள் சொன்னாள்: "தம்பி பேசினா ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணே. அந்தக் கம்பனியிலதானே இருக்கு. பவளம் அக்கா கடை இன்னும் தொறந்துதான் இருக்குன்னு பெரிய ஆளுக காதுல போடச் சொல்லுங்க. பலகைகூட வேணாம், அட்டைய மட்டும் குடுத்தாப் போதும். நம்ம புள்ள ஒன்னு உள்ள இருக்கே, செய்யாமலா போகும்?"

நம்ம பிள்ளை. அவள் அப்படித்தான் சொன்னாள். வெட்டியது யார் என்று நான் சொல்லவில்லை. "சொல்றேன் தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அந்த வார்த்தையை உன்னிடம் சேர்க்கத்தான் இவ்வளவு எழுத்தும்.

திங்கட்கிழமை நீ எழும்பி நின்று, நான் தமிழன், லயத்தில் பிறந்தவன் என்று சொல் என்று நான் கேட்கவில்லை. போன மாதம் கொழும்பில் லொட்ஜுகளில் இருந்த பொடியன்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு போனதாக அந்தப் பழைய பேப்பரில்தான் வாசித்தேன். வாசிக்கத் தெரிந்ததில் அது ஒரு நஷ்டம். நீ உயிரோடு இரு. ஆனால் ஒன்று கேட்கிறேன். "சேர், இந்தக் கடைகள் செத்ததா, வேன்தான் போகவில்லையா என்று ஒரு ஆளை அனுப்பிப் பார்த்துவிட்டு வெட்டுவோம்" என்று சொல்ல என்ன பயம்? அந்த ஒரு வார்த்தையில் உன் ஊர் எங்கே தெரிகிறது, உன் சாதி சனம் எங்கே தெரிகிறது? எந்த வேலைக்காரனும் சொல்லக்கூடிய பேச்சுத்தானே? அதைச் சொல்வதற்குத்தானே உனக்குச் சம்பளம்? அதையும் நீ அன்றைக்குச் சொல்லவில்லை. நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். அது பயம் இல்லை, மகனே, பழக்கம். கேள்வி கேட்டவுடன் கண் தானாக மூடிக்கொள்கிறது. கையில் ஒன்றை வைத்தாலும் விரல் மடங்குவதில்லை. இதில் என் பங்கு எவ்வளவு, உன் பங்கு எவ்வளவு என்று நீயே பிரித்துப் பார், நீதானே கணக்குப் பார்க்கப் படித்தவன்.

தீபாவளிக்கு நீ வரும்போது இந்தத் தாள்களை உன் கையில் கொடுப்பேன். தபாலில் போட மாட்டேன். உன் அறைக்குத் தமிழில் கடிதம் வரக்கூடாது என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்குள்ளே உட்கார்ந்து வாசி. எழுத்துப் பிழை இருந்தால் சொல்லு, திருத்திக்கொள்கிறேன். வாசித்துவிட்டு இங்கேயே வைத்துவிட்டுப் போ. சட்டைப்பையில் தமிழ்க் கடிதத்தோடு கொழும்பு பஸ்ஸில் ஏறு என்று சொல்கிற தைரியம் எனக்கும் இல்லை. என் வாழ்நாளில் நான் எழுதிய முதல் கடிதம், எழுதிய வீட்டை விட்டு வெளியே போக முடியாத கடிதம். உன் அம்மா இதை அரிசிப் பானைக்குள் வைக்கலாம் என்கிறாள். "அதுலயாச்சும் ஏதாச்சும் இருக்கட்டும்" என்கிறாள்.

திங்கட்கிழமை நான் காலையிலேயே பவளம் கடைக்குப் போய்விடுவேன். அவளிடம் ஒன்றும் சொல்ல மாட்டேன். வாசலில் அந்தச் சாக்கின்மேல் உட்கார்ந்திருப்பேன். மேலே பலகை இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன, வாசிக்க ஒன்றுமில்லை. அங்கே பேசி முடித்ததும் கடைக்குப் போன் எடு. எப்போதும்போல அவள்தான் முதலில் எடுப்பாள். நீ சிங்களத்தில் என்னைக் கேட்டால், "அண்ணே, ஒங்க மொதலாளி" என்று சிரித்துக்கொண்டே என்னிடம் கொடுப்பாள். நானும் வாங்கி, சாப்பிட்டாயா என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அதற்குமேல் எதுவும் கேட்க மாட்டேன், நீ வாயைத் திறக்கவில்லை என்று எனக்கு விளங்கிவிடும். நீ தமிழில் பேசினால், அங்கே என்ன சொன்னாய் என்று அவளுக்கே சொல்லிவிடு. என்னை அதற்குப் பிறகு கூப்பிட்டால் போதும்.

உன் அப்பா